கோமுவின் காதுத் தோடு

மாட்டு இன்சூரன்ஸ் என்றதும், வங்கியின் கிராமக் கிளைகளில் குப்பை கொட்டிய என்னைப் போன்றவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மாட்டின் காதில் கிடக்கும் தோடுதான். ஐ.ஆர்.டி.பி. என்று எல்லோரும் சொன்ன ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சித் திட்டம் 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா ஒன்றியங்களுக்கும் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. தாமிரபரணிக் கரையில் ஒரு சின்னக் கிளை. கறவை மாட்டுக் கடன் கேட்டு வரிசை நிற்கும். கடன் என்றால் இன்சூரன்ஸும் கட்டாயம். மாட்டுக்கு ஓர் உலோகத் தோடு, அதில் ஒரு எண், அந்த எண் பாலிசியில்.

மாடு செத்தால் பணம் கேட்க அந்தத் தோடு வேண்டும். தோடு இல்லையென்றால் துட்டு இல்லை. இதைக் கேள்விப்பட்ட ஓர் அம்மா, செத்த மாட்டின் காதையே தோடோடு அறுத்து, வாழை இலையில் சுற்றி, என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அன்று நான் சாப்பிடவில்லை. ஆனால் அந்த அம்மாளுக்குப் பணம் வாங்கிக் கொடுத்தோம். மாடு போன வீட்டில் அந்தக் கொஞ்சப் பணம் என்ன செய்யும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், இந்த ஆவணியில் எங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு காகிதம் முடிவுக்கு வந்தது. மாடு என் அக்காவுடையது. பேர் கோமு. சங்கரன்கோவில் கோமதி அம்மனை நினைத்து வைத்த பேர்.

அக்காவுக்கு 76 வயது. அத்தான் போனபிறகு டவுணில் எங்கள் வீட்டின் பின்கட்டில்தான் இருக்கிறாள். குறுக்குத்துறைக்குப் போகிற சாலையை ஒட்டிய பழைய வீடு. பின்னால் தொழுவம் இன்னும் மிச்சம் இருக்கிறது. மகன் சென்னையில் நல்ல வேலை. மாதம் பணம் அனுப்புகிறான். அதை அப்படியே போஸ்ட் ஆபீசில் போட்டுவிட்டு, மாட்டுக்காசில்தான் தன் செலவைப் பார்க்கிறாள். நெல்லையப்பர் கோயில் அர்ச்சனை, பேத்திக்கு அல்வா, வெற்றிலை பாக்கு எல்லாம் கோமு கொடுப்பது. அந்தக் காசுக்கு யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாம். அதன் ருசியை நான் பென்ஷன் வாங்குகிறவன் என்பதால் நன்றாக அறிவேன்.

கோமு ஜெர்சி கலப்பு. 2018-ல் இந்தத் தொழுவத்திலேயே பிறந்தது. 2022 ஆவணியில் கால்நடை மருந்தகத்தில் முகாம் போட்டபோது அரசு மானியத்தோடு மூன்று வருட பாலிசி எடுத்தோம். அப்போது மதிப்பு 35,000 ரூபாய். அடுத்த மாதமே ஒரு கிடாரிக்கன்று போட்டது. ஒரு நாளைக்கு ஒன்பது லிட்டர் பால்.

பிறகு 2023 டிசம்பர் வெள்ளம். 17, 18 தேதிகளை நம் ஊர்க்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆற்றில் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கிவிட்டது. எங்கள் தொழுவத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கோமுவையும் கிடாரியையும் முன்கட்டுத் தார்சாவில் கட்டி இரண்டு ராத்திரி விழித்திருந்தோம். இரண்டும் பிழைத்தன. எத்தனையோ பேர் வீட்டில் பிழைக்கவில்லை. செத்த மாடு ஒன்றுக்கு அரசாங்கம் 37,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தது அந்தச் சமயத்தில்தான்.

வெள்ளத்துக்குத் தப்பிய மாட்டை அடுத்த தை மாதம் கோமாரி பிடித்தது. தடுப்பூசி போட்டிருந்தோம், போட்டும் சில மாட்டுக்கு வரும். வாயிலும் குளம்பிலும் புண். கிடாரிக்கு வாய்ப்புண்ணோடு போயிற்று. கோமு பத்து நாள் தீவனம் தொடவில்லை. அக்கா ராகிக்கூழைக் கரைத்து மூங்கில் குழாயில் வாயில் ஊற்றித்தான் தேற்றினாள். புண் ஆறியது, நடந்தது, அசை போட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்றிருந்தோம்.

அந்தச் சித்திரை வெயிலில்தான் தெரிந்தது. காலை பத்து மணி ஆனதும் கோமுவுக்கு மூச்சு இரைக்கும். நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, விலா எலும்பு ஏறி இறங்க, நாய் மாதிரி இரைக்கும். தண்ணீர்த் தொட்டிப் பக்கமே நிற்கும். வழவழவென்று இருந்த உடம்பில் முடி நீளமாக, சிலிர்த்து வளர்ந்தது. பால் நாலு லிட்டருக்கு இறங்கியது. அதற்குப் பிறகு சினையும் பிடிக்கவில்லை.

இராமையன்பட்டியில் 2012-ல் வந்த கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு டாக்டர் தம்பி நிதானமாக விளக்கினார். கோமாரியில் தேறின மாடுகளில் சிலதுக்கு, அதிலும் கலப்பின மாட்டுக்கு, இப்படி ஒரு பின்விளைவு வரும். உடம்புச் சூட்டைச் சமன் செய்கிற சுரப்பிகளின் வேலை கெட்டுப்போகும். வெயில் தாங்காது. உயிருக்கு உடனே ஆபத்து இல்லை. ஆனால் முழுசாகக் குணமாகும் என்று எதிர்பார்க்க முடியாது. நிழலில் வையுங்கள், மத்தியானம் தண்ணீர் ஊற்றுங்கள், தீவனத்தை விடியற்காலையிலும் ராத்திரியிலும் போடுங்கள், தாது உப்பு கொடுங்கள், முடியைக் கத்தரித்துவிடுங்கள் என்றார். நம்மில் பாதிப்பேர் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வைத்திருக்கிற ஏற்பாடு மாதிரிதான். தீராது, சமாளிக்கலாம்.

சமாளித்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. ஓட்டுக் கூரைமேல் தென்னங்கீற்று, அதன்மேல் நனைத்த சாக்கு. விடிய நாலரை மணிக்கு அக்கா எழுந்து தீவனம் வைக்கிறாள். இப்போது மூன்று லிட்டர் பால். லிட்டர் 50 ரூபாய். புண்ணாக்கு, தவிடு, வைக்கோல் போக மாதம் ஆயிரம் ரூபாய் நின்றால் அதிசயம்.

இந்த நிலையில்தான் பாலிசி முடிந்தது.

"ஏல தம்பி, இந்த இன்சூரன்சு காயிதம் முடிஞ்சு போச்சாம்லா. நீ பேங்குல இருந்தவந்தான, என்ன செய்யன்னு பாத்துச் சொல்லு" என்றாள் அக்கா.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நம் வாசகர்களில் மாடு வைத்திருப்பவர்கள் இப்போது குறைவு என்றாலும், ஊரில் தம்பி, தங்கை யாராவது வைத்திருப்பார்கள். அதனால் அன்று அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

முதல் விஷயம், மாட்டு இன்சூரன்ஸும் நம் மெடிக்கல் இன்சூரன்ஸும் ஒன்றல்ல. நமக்கு ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுப்பார்கள். ஏற்கெனவே உள்ள நோய் என்றால்கூட, காத்திருப்புக் காலம் தாண்டியபிறகு கொடுப்பார்கள். அந்தக் காலம் அதிகபட்சம் மூன்று வருடம்தான் என்று 2024-ல் விதியைத் தளர்த்தியும் இருக்கிறார்கள். மாட்டுக்கு அப்படிக் கிடையாது. வைத்தியச் செலவுக்குச் சல்லிக்காசு வராது. செத்தால் மட்டும் பணம். கூடுதல் பிரீமியம் கட்டினால், நிரந்தரமாகச் சினை பிடிக்காமலோ பால் வற்றியோ போவதற்கும் சில பாலிசியில் இடம் உண்டு. எங்கள் திட்டத்தில் அது இல்லை.

இரண்டாவது, பாலிசி தொடங்கும் முன்பே வந்த நோயில் மாடு செத்தால் பணம் கிடையாது. புதுப் பாலிசியாக இருந்தால் முதல் 15 நாளில் வந்த நோய்க்கும் கிடையாது. திருடுபோனால் பொதுவாகக் கிடையாது. பாம்பு கடித்தால், இடி விழுந்தால், மின்சாரம் தாக்கினால், வெள்ளத்தில் போனால், கன்று போடும்போது போனால் உண்டு. கறவைப் பசுவுக்குப் பெரும்பாலும் 10 வயதோடு கதவை மூடிவிடுவார்கள்.

மூன்றாவது, எடுக்கும்போது கால்நடை மருத்துவர் இரண்டு காரியத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டின் இன்றைய சந்தை மதிப்பு என்ன என்பது ஒன்று. மாடு நல்ல ஆரோக்கியத்தில் இருக்கிறது என்பது இன்னொன்று. மூன்று வருடம் முடிந்து மறுபடி எடுக்கும்போதும் இது உண்டு.

பிரீமியம் ரொம்பக் குறைந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவின்படி, தேசிய கால்நடை இயக்கத் திட்டத்தில் மாட்டுக்காரர் கட்ட வேண்டிய பங்கு 15 சதவீதம்தான்; மீதியை அரசாங்கங்கள் கட்டும். மாடு, எருமை மட்டும் இல்லை, குதிரை, மட்டக்குதிரை, கழுதை, ஒட்டகம் வரை அந்தத் திட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தக் காலத்து ஜட்கா வண்டிக்காரர்களை நினைத்துக்கொண்டேன். குதிரை ஒருநாள் படுத்துவிட்டால் அன்று வீட்டில் அடுப்பு எரியாது. அவர்களுக்கு இப்படி ஒன்று இருந்ததில்லை.

கோமுவின் இன்றைய மதிப்பு 18,000 என்று வைத்தால், நூற்றுக்கு மூன்று வீதம் வருடத்துக்கு 540 ரூபாய். அதில் அக்காவின் பங்கு 81 ரூபாய்.

எண்பத்தொரு ரூபாய்! இரண்டு காப்பி, இரண்டு வடைக் காசு. இதற்கு யோசனை என்ன வேண்டிக் கிடக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அந்தக் கூட்டல் கழித்தல் முடிகிறவரை அப்படித்தான் தோன்றியது. இடித்தது அந்த ஆரோக்கியச் சான்றிதழ்.

எங்களுக்குத் தெரிந்த மாட்டுத் தரகர் ஒருவர் அதற்கும் வழி வைத்திருந்தார். "சார், டாக்டர விடியக்காலம் ஆறு மணிக்குக் கூட்டிட்டு வாங்க. அந்நேரம் இது இரைக்காது. முடியக் கத்தரிச்சு, நல்லாக் குளுப்பாட்டி நிப்பாட்டிருங்க. அவரு ஒரு பார்வை பாத்துக் கையெழுத்துப் போட்டுருவாரு. எம்பது ரூவாய்க்குப் பதினெட்டாயிரம், ஏன் விடுதீங்க?"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. விடியற்காலையில் கோமுவைப் பார்த்தால் யாருக்கும் நோய் தெரியாது. பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். முப்பது வருடம் இந்த மாதிரிக் காகிதங்களைப் பார்த்தவன் என்பதால் இதன் அடுத்த பக்கமும் எனக்குத் தெரியும். நோயை மறைத்து எடுத்த பாலிசியில் மாடு பாம்பு கடித்தே செத்தாலும், போஸ்ட்மார்ட்டத்தில், பழைய வைத்தியச் சீட்டில் விஷயம் வெளியே வரும். கல்லூரி ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் கோமுவின் தோடு எண்ணே இருக்கிறது. இப்போது மஞ்சள் பிளாஸ்டிக் தோட்டில் 12 இலக்க எண். நம் ஆதார் மாதிரி. அப்புறம் அந்த டாக்டர் தம்பியின் கையெழுத்துக்கும் ஆபத்து. அடுத்த முகாமில் நிஜமாகவே நல்ல மாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிற ஏழைகளை அந்தக் கம்பெனி சந்தேகக் கண்ணோடு பார்க்கும். வாழை இலையில் காதைக் கொண்டுவந்த அம்மாளுக்கு நாங்கள் பணம் வாங்கிக் கொடுக்கப் பட்ட பாடு, அவளுக்கு முன்னால் பொய்க் கணக்கு எழுதியவர்களால் வந்தது.

இன்னொரு பக்கம் சென்னையிலிருந்து மருமகன் போன். "மாமா, அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். மேலப்பாளையம் சந்தையில குடுத்துரச் சொல்லுங்க. இந்த வயசுல விடியக்காலம் எந்திரிச்சு மாட்டோட மல்லுக்கட்டணுமா?" அவன் கவலையும் நியாயம்தான். அம்மா தொழுவத்தில் வழுக்கி விழுந்தால் அவன்தான் ஓடிவர வேண்டும். செவ்வாய்க்கிழமைச் சந்தையில் இந்த மாட்டுக்கு என்ன விலை, யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அக்காவிடம் எல்லாவற்றையும் வைத்தேன். தரகர் சொன்னதையும் மறைக்கவில்லை. மாடு அவளுடையது.

அவள் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். "அப்ப இது செத்தாத்தான் துட்டு. உசிரோட கெடந்து இரைக்கதுக்கு ஒண்ணும் கெடையாது. அப்படித்தான?"

"அப்படித்தான்க்கா."

"இரைப்புலயே செத்தாலும் கெடையாது."

"கிடையாது."

"பொறவு எதுக்குல அத ஆறு மணிக்கு அலங்காரம் பண்ணி நிப்பாட்டணும்? வாயில்லாச் சீவன். அதுக்கு மேலுக்கு முடியலன்னு அதால சொல்ல முடியாது. நாம சொல்லாட்டா யாரு சொல்லுவா? டாக்டர மத்தியானம் ரெண்டு மணிக்கு வரச் சொல்லு."

அப்படியே செய்தோம். ஆவணி வெயிலில் டாக்டர் வந்தார். தொழுவத்தில் கோமு இரைத்துக்கொண்டு நின்றது. அவர் பார்த்தார், விலாவில் கை வைத்தார், வெப்பமானி வைத்துப் பார்த்தார். "அம்மா, ஆரோக்கியமா இருக்குன்னு இதுக்கு என்னால எழுதித் தர முடியாது. உள்ளதை எழுதினா கம்பெனி எடுக்காது" என்றார். "நீங்க உள்ளதச் சொன்னாப் போதும் சாமி" என்று அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கோமுவின் இன்சூரன்ஸ் அத்தோடு முடிந்தது.

வேண்டாம் என்று விட்டுவிட்டால் மட்டும் போதுமா? அன்று சாயங்காலம் நான் ஒரு தாளை எடுத்து வேறொரு கணக்குப் போட்டேன். கடன் மனுவில் நாங்கள் கேட்கிற கேள்விதான்: இந்த மாடு நாளைக்குச் செத்தால் இந்த வீட்டுக்கு என்ன நஷ்டம்?

கோமு செத்தால் மாதம் ஆயிரம் ரூபாய் வருமானம் போகும். புதைக்க ஒரு இயந்திரமும் இரண்டு ஆளும் வேண்டும். எங்கள் பக்கம் மூன்று, நாலாயிரம் ரூபாய் ஆகும். கஷ்டம்தான், ஆனால் தாங்கிக்கொள்ளலாம். அதன் கிடாரி இப்போது மூன்று வயதை நெருங்குகிறது. ஆறு மாதச் சினை. கார்த்திகையில் கன்று போடும். இனி அக்காவின் வெற்றிலைக் காசும் கோயில் காசும் அதன் மடியிலிருந்துதான் வர வேண்டும். அது செத்தால்? அந்த இடத்தில் இன்னொரு மாடு வாங்க அரை லட்சம் வேண்டும். மகனிடம் கேட்க வேண்டிவரும். கேட்டால் கொடுப்பான், அதோடு தொழுவத்தை மூடச் சொல்வான்.

ஆகவே, இன்சூரன்ஸ் வேண்டியது கிடாரிக்கு. கோமுவுக்கு வேண்டியது கையில் கொஞ்சம் ரொக்கம்.

டாக்டரிடமே கிடாரியையும் காட்டினோம். சினை கிடாரியைத் திட்டத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். மானிய ஒதுக்கீடு வந்ததும் புரட்டாசியில் பாலிசி போட்டாயிற்று. அக்கா பங்கு 200 ரூபாய்க்குள் அடங்கியது. கோமுவுக்கென்று ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். பால்காசில் மாதம் 300 ரூபாய் அதில் விழுகிறது. தாது உப்பு, டாக்டர் வந்துபோகிற செலவு, கடைசியில் புதைக்கிற செலவு எல்லாம் அதிலிருந்து. பின்னால் தென்னை ஓரத்தில் இடமும் பார்த்துவிட்டோம். எழுந்து நிற்க முடியாமல் போனால் டாக்டர் சொல்கிறபடி கேட்பது, சந்தைக்கு அனுப்புவதில்லை என்று அக்கா சொன்னாள். மருமகனுக்கும் போனில் சொன்னோம். விடியற்காலைத் தீவனத்துக்கும், சாணி அள்ளவும் பக்கத்துத் தெருப் பையன் ஒருவனை வைத்துக்கொள்ள அவன் பணம் அனுப்புகிறான். அக்கா கொஞ்சம் முனகிவிட்டு ஒத்துக்கொண்டாள்.

பையனிடம் அவள் சொன்ன கதை காந்திமதி ஆனையைப் பற்றியது. 1985 முதல் நம் நெல்லையப்பர் கோயிலில் நின்ற ஆனை. வயதாகி, மூட்டு வலி வந்து நடக்கச் சிரமப்பட்டபோது 2022-ல் பக்தர்கள் தோல் செருப்பு செய்து போட்டார்கள். ரத வீதியில் செருப்புப் போட்ட ஆனையைப் பார்க்கக் கூட்டம் கூடியது. 2025 ஜனவரியில் அது போனபோது டவுணே அழுதது. "ஆனைக்கே செருப்பு தச்சுப் போட்ட ஊருல, இந்தப் பசுவுக்கு ஒரு வாளித் தண்ணி ஊத்த ஒனக்கு என்னல சலிப்பு?" என்றாள். பையன் இப்போது மத்தியானமும் வந்து இரண்டு வாளி ஊற்றிவிட்டுப் போகிறான்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் நோயாளி மாடு இருந்தால் என் யோசனை இதுதான். பாலிசி முடிவதற்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைக் கூப்பிட்டு உள்ளதைக் காட்டுங்கள். எந்த நோய்க்குப் பணம் வராது என்பதைக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய பாலிசி ஓடிக்கொண்டிருக்கும்போது வந்த நோய் என்றால், அது முடிகிற தேதிவரை அதற்குப் பாதுகாப்பு உண்டு. அதுவரை தோட்டையும் வைத்தியச் சீட்டுகளையும் பத்திரமாக வையுங்கள். தோடு விழுந்துவிட்டால் உடனே தெரிவித்து மறு தோடு போடுங்கள். தடுப்பூசிச் சீட்டையும் எறியாதீர்கள். அப்புறம், எந்த மாடு போனால் உங்கள் அடுப்பு அணையுமோ அந்த மாட்டுக்கு முதலில் பிரீமியம் கட்டுங்கள்.

இதை எழுதும்போது மணி பதினொன்று. ஐப்பசி மழை இரண்டு நாளாக விட்டுவிட்டுப் பெய்கிறது. கூரைச் சாக்கை நனைக்கிற வேலை இல்லை. இந்தக் குளிர்ச்சியில் கோமு இரைப்பில்லாமல் படுத்து அசை போடுகிறது. நேற்றுப் பால் அரை லிட்டர் கூடுதல். அக்கா அதில் பாயசம் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். எனக்குச் சர்க்கரை இருப்பது அவளுக்குத் தெரியும். அரை டம்ளர்தான் தருவாள்.